பிரிந்திசி

இத்தாலியின் தென்கிழக்கே, ஏட்ரியாட்டிக் கடலோரம் உள்ள பழைய துறைமுக நகரம். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் இதைப் 'பிரிண்டிசி' ஆக்கிவிடுகிறார்கள். இத்தாலியர் நாவில் அந்த இடத்தில் வருவது 'பந்து' என்பதில் உள்ள பல்லொலி. ஆகவே 'ந்தி' என்று எழுதுவதே சரி. அழுத்தம் முதலசையில். இத்தாலியச் சொற்களில் பெரும்பாலும் ஈற்றயலசையே அழுந்தும் என்பதால், வெளியூர்க்காரர்கள் 'பிரிந்தீசி' என்று இழுப்பதுண்டு. எழுத்திலோ அழுத்தக் குறி கிடையாது. அண்டை ஊர்களான தாரந்தோ, ஓத்ரந்தோ ஆகியவற்றிலும் இதே சிக்கல்தான். கடைசி அசையைப் பொது இத்தாலியம் வண்டு முரல்வது போன்ற அதிர்வோடு ஒலிக்கும். தென்னித்தாலியர் அதிர்வில்லாமல் 'சி' என்பார்கள். உள்ளூர்ப் பேச்சில் ஊரின் பெயர் 'பிரின்னிசி'. தமிழின் 'வந்து' மலையாளத்தில் 'வந்நு' ஆனதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது.

பெயரின் வேர் மான்கொம்பில் இருக்கிறது. ரோமருக்கு முன் இங்கே வாழ்ந்த மெசாப்பியர் மொழியில் இது மானின் தலையைக் குறித்த சொல் என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதுகிறார். வரைபடத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும்: உள்துறைமுகம் இரு கிளைகளாகப் பிரிந்து பழைய நகரை இருபுறமும் அணைத்திருக்கிறது. இன்றைய அல்பேனிய மொழியில் கொம்புக்கு உள்ள 'பிரி' என்ற சொல்லையும் அறிஞர்கள் இதோடு இணைத்துப் பார்க்கிறார்கள். நகரச் சின்னத்தில் இன்றும் மான்தலை உண்டு.

கிரேக்கர் 'பிரெந்தேசியோன்' என்றனர். ரோமர் 'புருந்திசியும்' என்றனர். லத்தீனில் 'தி' மேல் இருந்த அழுத்தம் பின்னாளில் முன்னே நகர்ந்தது. ஆப்பியன் நெடுஞ்சாலை முடிந்தது இங்கேதான், கி.மு. 19இல் கவிஞர் வெர்ஜில் இறந்ததும் இங்கேதான்.

மதுக்கோப்பையை உயர்த்தி வாழ்த்துவதையும் இத்தாலியர் 'பிரிந்திசி' என்பார்கள். வெர்தியின் 'லா திராவியாத்தா' இசைநாடகத்தில் வரும் விருந்துப் பாட்டு அவ்வகையே. எழுத்தும் ஒலியும் ஒன்றானாலும் ஊருக்கும் அதற்கும் உறவில்லை. 'உனக்கு வழங்குகிறேன்' என்னும் பொருளுள்ள ஜெர்மானியத் தொடர் ஸ்பானிய மொழி வழியாக மருவி வந்த சொல் அது.

சூயஸ் கால்வாய் 1869இல் திறந்த மறு ஆண்டிலிருந்து, முதல் உலகப் போர் வரை, லண்டனுக்கும் பம்பாய்க்கும் இடையே போய்வந்த தபால் ரயிலிலிருந்து கப்பலுக்கு மாறியது இந்தத் துறையில்தான். கடிதம் விரைவாகப் போக வேண்டியவர்கள் கூடுதல் கட்டணம் செலுத்தி, உறையின் மேல் 'பிரிந்திசி வழி' என்று எழுதினார்கள்.