காசுக்கட்டியும் பச்சைத் தேயிலையும்



நம் பாட்டிமார்களின் வெற்றிலைப் பெட்டியில் பாக்கு, சுண்ணாம்போடு பழுப்பு நிறக் கட்டி ஒன்றும் இருக்கும். அதுதான் காசுக்கட்டி. ‘பச்சைத் தேயிலைச் சத்து நிறைந்தது’ என்று இன்று கடைகளில் விற்கும் முகப்பூச்சுக்கும் இந்தக் கட்டிக்கும் உறவு உண்டு.

காசுக்கட்டி, கருங்காலி மரத்தின் வைரத்தைக் காய்ச்சி எடுப்பது. மலாய் மொழியில் இதைக் காச்சு என்பார்கள். இச்சொல்லை ஐரோப்பியர் ‘கெட்டெச்சு’ ஆக்கினர். அதிலிருந்து பிரித்தெடுத்த துவர்ப்புப் பொருளுக்குக் ‘கெட்டெச்சின்’ என்று வேதியியலார் பெயரிட்டனர். (வெற்றிலை போடுங்கள் என்று நான் சொல்லவில்லை; பாக்கு மெல்லுவது வாய்ப்புற்றுக்கு வழி.)

நம் ஜொகூரில் இதே பொருள் காம்பீர் என்னும் கொடியிலிருந்து கிடைத்தது. 1840-களிலிருந்து சீனர்கள் இங்கே ஆற்றோரக் காடுகளைத் திருத்தி, மிளகையும் காம்பீரையும் சேர்த்துப் பயிரிட்டார்கள். இலைகளைப் பெரிய இரும்புக் குவாலியில் மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து, சாற்றைக் கெட்டியாக்கிக் கட்டிகளாக வெட்டினார்கள். அடுப்புக்கே காடு காடாக விறகு தீர்ந்தது, மண்ணும் சத்திழந்தது, பின் அடுத்த காட்டுக்குப் பெயர்ந்தார்கள். கட்டிகள் ஐரோப்பாவின் தோல் பதனிடும் ஆலைகளுக்குச் சென்றன. துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தை இறுகப் பற்றுவதால் தோல் அழுகாது. ஜொகூர் அரசுச் சின்னத்தில் இன்றும் மிளகும் காம்பீரும் உண்டு. மூவாருக்கு அருகே புக்கிட் காம்பீர் என்ற ஊர்ப்பெயரும் நிற்கிறது. நம் முன்னோர் பால்மரம் சீவ வந்தபோது, காம்பீரின் காலம் முடிந்துகொண்டிருந்தது.

தேயிலையில் இப்பொருள் இருப்பதை நிறுவியவர் ஒரு பெண். ஜப்பானின் மிச்சியோ சுஜிமுரா, பெண் மாணவரைச் சேர்க்காத பல்கலைக்கழகத்தில் சம்பளமின்றி உதவியாளராக இருந்தவர். 1929-ல் பச்சைத் தேயிலையிலிருந்து கெட்டெச்சினைத் தனியே பிரித்தார். 1932-ல் வேளாண்மையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண்மணியானார். நம் பெண்பிள்ளைகள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அதே 1929-ல்தான் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. நாம் வழக்கமாகக் குடிக்கும் கறுப்புத் தேயிலையில் கொழுந்தைக் கசக்கிக் காற்றாட விடுகிறார்கள். கெட்டெச்சின் காற்றோடு கூடி, நறுக்கிய ஆப்பிள்போல் நிறம் மாறிவிடுகிறது. பச்சைத் தேயிலையை முதலிலேயே ஆவியிலோ சட்டியிலோ சூடாக்குவதால் அது பெரும்பாலும் தப்புகிறது.

வெயில் படும்போது தோலில் உயிரணுக்களைத் தாக்கும் பொருள்கள் தோன்றுகின்றன; கெட்டெச்சின் தானே அவற்றுக்கு இரையாகித் தோலைக் காக்க முயல்கிறது. தேயிலைச் சத்தைப் பூசிய தோலில் வெயிற் சிவப்புக் குறைந்ததாக 2001-ல் அமெரிக்க ஆய்வொன்று வெளிவந்தது. 2006-ல், பிறப்புறுப்பின் வெளிப்புறத்து மருக்களுக்கான பச்சைத் தேயிலைக் களிம்பை அமெரிக்க மருந்து நிர்வாகம் அங்கீகரித்தது. அது மருத்துவர் எழுதித் தரவேண்டிய மருந்து.

கடைப் பூச்சின் கதை வேறு. காற்றுப் பட்டால் மாறும் பொருள், டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் எத்தனை நாள் தாங்கும்? நிறத்தை வெளுக்க வைக்கும் என்பதை நான் நம்பவில்லை. ஒரு வாரத்தில் முகம் வெளுத்தால் ஐயப்பட வேண்டியது தேயிலையை அன்று, பாதரசத்தை. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் சுகாதார அமைச்சு இத்தகைய பூச்சுகளைப் பலமுறை பெயர் சொல்லித் தடைசெய்திருக்கிறது. டப்பாவில் அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை அமைச்சிடம் சரிபார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.