கண்ணில்லாத வண்டும் ஒரு சர்வாதிகாரியின் பெயரும்

ஸ்லோவேனியா நாட்டில் செல்யே நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சில குகைகளில் மட்டும் ஒரு வண்டு வாழ்கிறது. நீளம் சுமார் 5 மில்லிமீட்டர். பழுப்பு நிறம். கண் கிடையாது. தரைவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த வேட்டைப் பூச்சி இது. இருட்டில் பிறந்து இருட்டிலேயே சாகும் இந்தப் பூச்சிக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்? பெயர்தான்!

1930களில் அந்தப் பகுதி யூகோஸ்லாவியாவில் இருந்தது. அங்கே கிடைத்த வண்டு, பூச்சி சேகரிப்பாளரான ஆஸ்கார் ஷைபல் என்பவரின் கைக்கு வந்தது. 1937ல் அதைப் புதிய இனமாக அறிவித்து அவர் வைத்த பெயர் 'அனாஃப்தால்மஸ் ஹிட்லரி'. முதல் சொல்லுக்குக் 'கண்ணற்றது' என்று பொருள். இரண்டாவது, அன்றைய ஜெர்மனியின் தலைவரைக் கௌரவிக்க வைத்தது.

நான்கே வருடம்... 1941 ஏப்ரலில் அதே ஹிட்லரின் படை செல்யேவைப் பிடித்தது. பள்ளிகளில் ஸ்லோவேனிய மொழி ஒழிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சொந்த ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். பிணைக்கைதிகள் நகரச் சிறையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1945ல் போர் முடிந்தது. ஹிட்லர் பெயர் தாங்கிய தெருக்களுக்கெல்லாம் வேறு பெயர் வந்தது. வண்டுக்கு மட்டும் வரவில்லை. விலங்கியல் பெயரிடும் விதிப்படி, முறையாக முதலில் வெளியான பெயருக்கே முன்னுரிமை. பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற முடியாது.

இதில் நஷ்டம் வண்டுக்குத்தான். நாஜி நினைவுப்பொருள் சேர்ப்பவர்கள் இதையும் தேட ஆரம்பித்தார்கள். ம்யூனிக் நகர விலங்கியல் சேகரிப்பில் இருந்த மாதிரிகள்கூடத் திருடு போயின. சரக்கு கொஞ்சம், கிராக்கி அதிகம் என்றால் விலை ஏறும். விலை ஏறினால் திருடன் குகைக்குள்ளும் வருவான். வண்டின் குணத்துக்காக அல்ல, பெயருக்காக!

2023ல் சர்வதேச விலங்கியல் பெயரிடல் ஆணையம், பெயர்களின் தார்மீகத்தை எடைபோடுவது தன் வேலை இல்லை என்று விளக்கியது. பெயர்களை மாற்றிக்கொண்டே போனால் பழைய ஆய்வுகளைத் தேடிப் பிடிப்பதே குழப்பமாகிவிடும் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2024ல் மாட்ரிட்டில் கூடிய தாவரவியலாளர்கள், ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தும் 'காஃப்ரா' என்ற சொல்லை 200க்கும் மேற்பட்ட தாவரப் பெயர்களிலிருந்து நீக்க வாக்களித்தார்கள். 'காஃப்ரா' என்பதை 'ஆஃப்ரா' என்றாக்க ஒரே ஒரு எழுத்தை எடுத்தால் போதுமாக இருந்தது. அதனால் எந்தத் தாவரவியல் ஆய்வும் நின்றுவிடவில்லை.

மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? பெயர் வைத்தவரும் இல்லை, பெயருக்கு உரியவரும் இல்லை. அந்தப் பெயருக்கான விலையை மட்டும் ஒரு குருட்டு வண்டு இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.