இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

முதுகுத் தண்டுவடம் அறுபட்டால் என்ன ஆகும்? மூளையிலிருந்து கால்களுக்குப் போகும் செய்தி பாதி வழியிலேயே நின்றுவிடும். கால் அசையாது. தொட்டால் தெரியாது. சிறுநீர் கூடக் கட்டுப்பாட்டில் இருக்காது. பழைய எகிப்திய மருத்துவ ஏடான எட்வின் ஸ்மித் பாப்பிரஸ், இதை வைத்தியம் பார்க்க முடியாத நோய் என்று ஒதுக்கி வைத்தது. முதல் உலகப் போர் வரை நிலைமை பெரிதாக மாறவில்லை. தண்டுவடத்தில் அடிபட்ட படைவீரர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்து போனார்கள்.

இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. அவர்களில் பலரைக் கொன்றது அந்தக் காயம் அல்ல! ஒரே பக்கமாகப் படுத்திருந்ததால் வந்த படுக்கைப் புண்ணும், சிறுநீர்ப் பையிலிருந்து சிறுநீரகத்துக்குப் பரவிய கிருமியும்தான். இரண்டுமே தடுக்கக் கூடியவை. ஆனால் "எப்படியும் பிழைக்க மாட்டான்" என்று முடிவு செய்துவிட்ட பிறகு யார் தடுப்பார்கள்?

இந்த எண்ணத்தை மாற்றியவர் டாக்டர் லுட்விக் குட்மன். 1899-ல் ஜெர்மனியில் பிறந்த யூதர், நரம்பியல் நிபுணர். ஹிட்லர் ஆட்சியில் வாழ முடியாமல் 1939-ல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார். பிரான்ஸில் படைகளை இறக்கத் திட்டமிட்டிருந்த பிரிட்டிஷ் அரசு, காயம்பட்டு வரப்போகிறவர்களுக்காக ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ஒரு தண்டுவடப் பிரிவைத் தொடங்கி, 1944 பிப்ரவரியில் அவரிடம் ஒப்படைத்தது.

அவர் செய்தது என்ன? புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். அது நடக்கிறதா என்று நள்ளிரவில் வார்டுக்கே வந்து பார்த்தார். சிறுநீரைக் குழாய் வைத்து எடுக்கும்போது சுத்தம் தவறக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். புண்கள் ஆறின, காய்ச்சல் குறைந்தது, ஆட்கள் பிழைத்தார்கள்.

பிழைத்தவர்கள் சும்மா படுத்திருக்கவும் அவர் விடவில்லை. மரவேலை, கடிகாரம் பழுது பார்ப்பது என்று தொழில் கற்றுக்கொடுத்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே விளையாட வைத்தார். 1948 ஜூலை 29 அன்று லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். 1960-ல் அந்தப் போட்டி ரோம் நகரத்துக்குப் போனபோது 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் வந்தார்கள். அதைத்தான் முதல் பாராலிம்பிக் என்கிறோம்.

நம் வேலூருக்கும் இதில் ஒரு இடம் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். ஆனாலும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-ல் சி.எம்.சி.யில் அந்தத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. அங்கே வந்த நோயாளிகளிடம், "இனி எப்படி வாழ்வது?" என்ற கேள்விக்கு அவர் வாயால் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

இன்று ஆராய்ச்சி வெகுதூரம் வந்துவிட்டது. 2018-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள், தண்டுவடத்தின் மேல் மின்முனைகளைப் பொருத்தி, செயலிழந்த கால்களோடு இருந்த சிலரைத் தாங்குதலோடு நடக்க வைத்தார்கள். ஆனால் அறுந்த தண்டுவடத்தை முழுமையாக ஒட்டவைக்கும் சிகிச்சை இன்னும் கிடையாது. ஏழை நாடுகளில் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் இன்றும் உயிரைப் பறிக்கின்றன. அதைத் தடுக்கப் பெரிய இயந்திரங்கள் வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கு முறை தெரிந்திருக்க வேண்டும். படுத்திருப்பவர் வாழ வேண்டியவர் என்ற நம்பிக்கையும் இருக்க வேண்டும்.