‘படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்ட காலம்

ஒரு நூலைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல யாருக்கு உரிமை? பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்கு விடை வைத்திருக்கிறார். நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு கூடப் படித்தவர், அவருடைய மாணவர், உரை எழுதியவர் ஆகிய நால்வரே சிறப்புப்பாயிரம் பாட ஏற்றவர்கள். நால்வருமே வேண்டப்பட்டவர்கள். முன்பின் அறியாத வாசகருக்கு அங்கே இடமில்லை.

19ஆம் நூற்றாண்டு அச்சுப் புத்தகங்களில் இந்த வழக்கம் செழித்திருந்தது. பாடியவரின் ஊர், பட்டம், அவர் எந்த வித்துவானின் மாணாக்கர் என்பதெல்லாம் தலைப்பிலேயே சில வரிகளுக்கு ஓடும். அதன் கீழே ஒரே ஒரு வெண்பா இருக்கும். புலவர் பரம்பரையைத் தேடும் ஆய்வாளருக்கு, சாற்றுகவிகள் எனப்பட்ட இந்தப் பாராட்டுப் பாக்கள் பொக்கிஷம். புத்தகம் எப்படி என்று கேட்பவருக்கு அவற்றில் கிடைப்பது குறைவு.

அந்த உரிமையை வாசகர் கைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் க.நா.சுப்ரமண்யம் (1912–1988). 1957இல் வெளிவந்த அவருடைய ‘படித்திருக்கிறீர்களா?’ நூலில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் சில பக்கங்கள்தான். தனக்கு ஏன் பிடித்தது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவரைப் போலச் சொல்லிப் போவார். கல்கியை ஊரே கொண்டாடியபோது அவர் உடன்படவில்லை. புதுமைப்பித்தன், மௌனி பெயர்களை விடாமல் சொல்லிவந்தார். காரணம் காட்டாமல் தீர்ப்பளிக்கிறார் என்று க.கைலாசபதி போன்ற மார்க்சிய விமர்சகர்கள் சாடினார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் நீண்ட ஆய்வுகள் செய்யாத ஒரு வேலையை அந்தச் சில பக்கங்கள் செய்தன: புத்தகத்தைத் தேடிப் போக வைத்தன.

க.நா.சு. உயர்த்திப் பேசியவற்றில் ஆர்.சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ ஒன்று. 1942இல் கு.ப.ராஜகோபாலனின் முன்னுரையோடு வந்த நாவல். புருஷனை இழந்த நாகம்மாள் கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். கதை கொலையில் முடிகிறது. பனமரத்துப்பட்டி, ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துக் காடுமேட்டில் வளர்ந்தவருக்கு அதிலுள்ள கொங்குப் பேச்சும் பாகத் தகராறும் அயலானவை அல்ல.

விமர்சன உரிமை வாசகர் கைக்கு வந்த இந்த மாற்றத்தில் சேலமும் பங்குகொண்டது. 1968இல் கவிஞர் சி.மணியின் முயற்சியில் ‘நடை’ காலாண்டிதழ் இங்கிருந்து வந்தது. புதுக்கவிதை, ந.முத்துசாமியின் நாடகம், விமர்சனம் எனத் துணிச்சலாக நடந்து, எட்டு இதழ்களோடு நின்றது. சி.மணி அதில் செல்வம், வே.மாலி என்ற புனைபெயர்களிலும் எழுதினார். பட்டங்களும் குருவின் பெயரும் அடைத்திருந்த இடத்தில் இப்போது கருத்து மட்டும் நின்றது.

பின்னாளில் திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் சண்முகசுந்தரத்தின் படைப்புகளையே தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்; 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியையும் தொகுத்து வெளியிட்டார்.