ஐந்து டிகிரி வழக்கு

திருகாணிக்குக்கூடச் சரித்திரம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ராஜாக்களின் சரித்திரத்தைப் போலவே அதிலும் ஜம்பம் உண்டு, பிடிவாதம் உண்டு, ஊர் எரிந்த கதை உண்டு. கடைசியில் ஓர் உடன்படிக்கையும் உண்டு.

ஆசாரி கையால் செய்த தோடு போட்டுக் கொள்ளும் பெண்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வலது காதுத் திருகாணி இடது காதுத் தோட்டில் ஏறாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து இயந்திரங்களின் கதியும் ஏறக்குறைய இதுதான். ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டப்படி மரை வெட்டிற்று. லண்டன் இயந்திரத்தில் ஒரு போல்டு தொலைந்தால், அதற்கு மாற்று மான்செஸ்டரில் கிடைக்காது.

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்ற மேதையின் பட்டறையில் தொழில் பழகியவர் ஜோசப் விட்வொர்த். 1833-ல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை வைத்தார். பல பட்டறைகளிலிருந்து போல்டுகளைச் சேகரித்து, அளந்து, 1841-ல் சிவில் இன்ஜினீயர்கள் சங்கத்தின் முன் ஒரு திட்டத்தை வைத்தார். மரையின் இரு சரிவுகளுக்கும் இடையே 55 டிகிரி கோணம். உச்சியும் அடியும் உருண்டை. இன்ன பருமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று ஒரு பட்டியல். யாருடைய மரையையும் அவர் அப்படியே எடுத்துக் கொள்ளவில்லை. எல்லாருடைய அளவுகளுக்கும் சராசரி கண்டார். ஆகவே ஜெயித்தவனும் இல்லை, தோற்றவனும் இல்லை. அந்தச் சாமர்த்தியத்தால்தான் திட்டம் நிலைத்தது. லண்டன் மைக்ராஸ்கோப் சங்கம்கூட 1850-களின் இறுதியில், எந்தக் கம்பெனியின் லென்ஸும் எந்தக் கருவியிலும் பொருந்த வேண்டும் என்று, விட்வொர்த் வடிவத்தில் அங்குலத்துக்கு 36 மரை என்று விதித்தது.

இத்துடன் கதை முடிந்திருக்கலாம். ஆனால் அமெரிக்கா என்று ஒரு தேசம் இருக்கிறதே! 1864-ல் பிலடெல்பியாவில், பிராங்க்லின் இன்ஸ்டிடியூட்டில், வில்லியம் செல்லர்ஸ் என்ற இயந்திர உற்பத்தியாளர் எழுந்து ஆட்சேபம் தெரிவித்தார். 55 டிகிரியை அளந்து சரிபார்ப்பது கஷ்டம், உருண்டை முனையை வெட்டுவது அதைவிடக் கஷ்டம் என்றார். 60 டிகிரி என்றால் சமபக்க முக்கோணம்; முனையைத் தட்டையாக விட்டால் சாதாரணத் தொழிலாளியும் வெட்டிவிடுவான். நியாயமான பேச்சுத்தான். அமெரிக்கக் கடற்படை 1868-ல் அதை ஏற்றது.

ஐந்தே டிகிரி வித்தியாசம்! அரை அங்குல போல்டில் விட்வொர்த்துக்கு 12 மரை, செல்லர்ஸுக்கு 13. ஒன்றை மற்றதில் திருகினால் ஓரிரு சுற்று ஏறி இறுகிக் கொள்ளும். பலவந்தம் செய்தால் இரண்டும் பாழ். இதையாவது பகை என்று தெரிந்து கொள்ளலாம். கால் அங்குலத்தில்தான் ஆபத்து. அங்கே இருவருக்கும் 20 மரை. சுகமாக உள்ளே போகும். ஆனால் சரிவுகள் முழுவதும் தொடாது. ஆகவே அனுபவசாலியான பிட்டர் கைப்பழக்கத்தை நம்புவதில்லை. பருமனை அளப்பான், மரையை எண்ணுவான், பிறகு பல் வெட்டிய தகட்டை மரையில் பதித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். சரிவில் வெளிச்சம் கசிந்தால் அது வேறு ஜாதி.

பொருந்தாத மரை எவ்வளவு தூரம் போகும் என்பதை 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் பார்த்தது. நகரின் மையத்தில் தீப்பிடித்தது. வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் தீயணைக்கும் வண்டிகள் ரயிலேறி வந்தன. ஆட்கள் இருந்தார்கள், தண்ணீர் இருந்தது. ஆனால் வந்தவர்களின் குழாய் மரை பால்டிமோர்க் குழாயின் மரையில் ஏறவில்லை! 30 மணி நேரம் எரிந்த தீயில் 1,500-க்கு மேற்பட்ட கட்டிடங்கள் போயின. பிறகு கணக்கெடுத்தபோது, அந்நாட்டில் தீயணைப்புக் குழாய் இணைப்புகளில் 600-க்கு மேற்பட்ட தினுசுகள் இருந்தது தெரிய வந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் பங்காளிகள் இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்க நேர்ந்தது. ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் மெர்லின் விமான இயந்திரத்தைச் செய்து தர 1940-ல் டெட்ராய்ட்டின் பாக்கார்டு கம்பெனி ஒப்புக் கொண்டது. இங்கிலாந்தில் செய்த உதிரிப் பாகமும் அமெரிக்காவில் செய்ததும் மாற்றிப் பொருந்த வேண்டாமா? ஆகவே பிரிட்டிஷ் மரையையே வைத்துக் கொண்டார்கள். அதை வெட்டும் கருவிகள் அமெரிக்காவில் கிடைக்காததால் பாக்கார்டு தானே அவற்றைச் செய்து கொண்டது. ஒரு பக்கம் குண்டு விழுந்து கொண்டிருக்கிறது. மறு பக்கம் ஐந்து டிகிரிக்காகத் தனிக் கருவிப் பட்டறை!

யுத்தம் புகட்டிய பாடம் பலித்தது. 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கையெழுத்திட்டன. கோணம் 60 டிகிரி. அரை அங்குலத்துக்கு 13 மரை. அடி உருண்டையாக இருக்கலாம் என்பது விட்வொர்த்துக்குக் கிடைத்த மரியாதை. 84 ஆண்டு நடந்த வழக்கில் மூத்தவன் விட்டுக் கொடுத்தான். 1965-ல் பிரிட்டிஷ் தர நிர்ணயக் கழகம் இன்னும் ஒருபடி மேலே போய், விட்வொர்த் மரையை மெல்லக் கைவிடுங்கள், மெட்ரிக்குக்கு முதலிடம் கொடுங்கள் என்று தொழிலதிபர்களுக்குச் சொல்லிவிட்டது.

ஆனாலும் ஓர் இடத்தில் கிழவர் அசையவில்லை. அந்தப் பழைய மைக்ராஸ்கோப் மரையில் செய்த லென்ஸுகள் இன்றும் விற்பனையாகின்றன. கல்லூரிப் பரிசோதனைச் சாலையில் ஒரு மாணவி அப்படி ஒரு லென்ஸை இரண்டு விரலால் திருகிப் பொருத்தும்போது, அது தடங்கலின்றி ஏறுகிறது. அதில் இருப்பது 36 மரை, 55 டிகிரி.