மனிதாபிமான நடவடிக்கை

புதுச்சேரியில் பாகூர், வில்லியனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ‘செத்தார்’ என்று சொல்லத் தயங்குவோம். ‘தவறிட்டார்’ என்போம், சுவரொட்டியில் ‘இயற்கை எய்தினார்’ என்றிருக்கும். இந்த வழக்குக்கு இலக்கண நூலான நன்னூல் தரும் பெயர் மங்கலம். சுடுகாட்டை நன்காடு என்பதும் செத்தாரைத் துஞ்சினார் என்பதும் உரைகாரர் காட்டும் சான்றுகள். இழந்தவர் மனம் மேலும் நோகக்கூடாது என்ற கருணை அதில் உண்டு.

அரசுகளும் சாவுக்கு வேறு பெயர் சூட்டுவதுண்டு. இலங்கை அரசு விடுதலைப் புலிகளுக்கு எதிராக 2006 ஜூலை முதல் 2009 மே வரை நடத்திய போரை ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது. பயங்கரவாதத்திடமிருந்து மக்களை மீட்பதாக அதிபர் மகிந்த ராஜபக்ச பேசினார். 2011இல் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலும் இதே சொல். அதே ஆண்டு ஐ.நா. நிபுணர் குழு, இறுதிக்கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. புலிகள் மக்களைத் தடுத்து வைத்ததையும் அது பதிவு செய்தது.

மனித, அபிமானம் இரண்டும் வடமொழிப் புணர்ச்சியில் மனிதாபிமானம் ஆயின. வடமொழியில் அபிமானத்துக்குச் செருக்கு என்றும் பொருள். தமிழில் அது பற்றாகக் கனிந்தது. ‘நடவடிக்கை’யோ அலுவலகச் சொல். யார் செய்தார், யார்மேல் செய்தார் என்ற கேள்விகளை அது விழுங்கிவிடும்.

அந்தப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் காதில் இச்சொல் மங்கலமாக விழாது. பொற்கொல்லர் பிறர் அறியாதபடி பொன்னைப் ‘பறி’ என்பார்களே, அந்தக் குழூஉக்குறியில்தான் இதைச் சேர்ப்பேன்.