கடனுக்கு எடை வந்த கதை

தனிநபர் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் சம்பளச் சீட்டு பார்ப்பார்கள், சிபில் மதிப்பெண் பார்ப்பார்கள். நம் கண்ணில் படாத இன்னொரு கணக்கும் உண்டு. இந்தக் கடனுக்காக வங்கி தன் கைமுதலில் எவ்வளவு ஒதுக்க வேண்டும்? அதைத் தீர்மானிப்பதுதான் ‘ரிஸ்க் வெயிட்’, அதாவது கடனின் எடை.

அதன் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. 1974 ஜூன் 26 அன்று கொலோன் நகரத்து ஹெர்ஸ்டாட் வங்கியை அரசு இழுத்து மூடியது. அன்று அதனிடம் ஜெர்மன் பணமான மார்க்கைக் கட்டியவர்களுக்கு நியூயார்க்கில் டாலர் வர வேண்டும். அங்கே அப்போது காலை வேளை. டாலர் வரவே இல்லை. பதறிப்போன ஜி-10 நாடுகளின் மத்திய வங்கிகள் ஆண்டு முடிவதற்குள் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஒரு குழு அமைத்தன. 1982இல் மெக்சிகோ வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் கையை விரிக்க, பெரிய வங்கிகளின் கைமுதல் எவ்வளவு மெலிந்திருந்தது என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

1988 ஜூலையில் அந்தக் குழுவின் விதி பிறந்தது: எடை போட்ட கடனில் 8 சதவீதம் கைமுதல். ஆனால் எல்லாக் கடனுக்கும் ஒரே எடை இல்லை. பணக்கார நாட்டு அரசுக்கு 100 ரூபாய் கொடுத்தால் கைமுதலே வேண்டாம். வீட்டு அடமானத்துக்கு 4 ரூபாய். ஈடில்லாத தனிநபருக்கு முழு எடை, 8 ரூபாய். இதை வகுத்த மேசையில் வளரும் நாடு ஒன்றுகூட இல்லை.

நிதித்துறைச் சீர்திருத்தத்துக்கான நரசிம்மம் குழு சொன்னபடி, ரிசர்வ் வங்கி 1992 ஏப்ரலில் இதை இங்கே கொண்டுவந்தது. 2000 மார்ச்சில் இங்கே கைமுதல் விதி 9 சதவீதமானது. கைமுதல் போதாத வங்கி என்ன செய்யும்? புதுப் பணம் திரட்டலாம்; அது கடினம். கனமான கடனைக் குறைத்துவிட்டு அரசுப் பத்திரம் வாங்கிப் போடலாம், அது சுலபம். நம் வங்கிகள் தொண்ணூறுகளில் சட்டம் கேட்டதைவிட அதிகமாகவே அரசுப் பத்திரம் வைத்திருந்தன. எடை மட்டுமே அதற்குக் காரணமல்ல என்றாலும், அதற்கும் பங்குண்டு.

2023 நவம்பர் 16 அன்று தனிநபர் கடனின் எடை 100 சதவீதத்திலிருந்து 125 ஆனது. 9 ரூபாய் ஒதுக்கிய இடத்தில் 11.25 ரூபாய். வீடு, கல்வி, வாகனம், நகைக் கடன்களுக்கு விலக்கு. ஈடில்லாக் கடன் வீங்கிய வேகத்துக்குக் கடிவாளம் வேண்டியதுதான். ஆனால் வங்கிகள் ஏழைப் பெண்களுக்குக் கொடுத்த குறுங்கடனும் அதில் மாட்டிக்கொண்டதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. 2025 பிப்ரவரியில் குறுங்கடனின் எடையை ரிசர்வ் வங்கி மறுபடி 100 ஆக்கியது. மற்றத் தனிநபர் கடன்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.